பெருமீனும் மெல்லிய தங்கூசியும்

தூண்டில் மீன்பிடியில் மென்கருவி என்று சொல்லத்தக்கது, பிடிக்கக் கருதும் மீனின் எடையைக் காட்டிலும் அறுபடுவலு பல மடங்கு குறைந்த நூலையும், அந்நூலுக்கு ஏற்ற சிறிய முள்ளையும், வளைந்து கொடுக்கும் மெல்லிய தடியையும், தடி இல்லாதவிடத்து வெறும் விரல்களையும் கொண்ட அமைப்பாகும். அறுபடுவலு என்பது ஒரு நூல் எவ்வளவு இழுவிசை வரை தாங்கும், எந்த அளவைத் தாண்டினால் அறும் என்பதைக் கிலோகிராமிலோ இறாத்தலிலோ குறிக்கும் அளவு. இத்தகைய கருவியால் ஒரு பெரிய மீனைக் கரைசேர்த்தவர், அது எந்தக் குளத்தில் எந்த மூலையில் நடந்தது, காற்று எப்பக்கமிருந்து வீசியது, மீன் முதலில் எத்திசையில் ஓடியது என்பவற்றை முதுமையிலும் பிசகாமல் சொல்லக்கூடியவராக இருப்பதும், வலையில் அதனினும் பெரிய மீன்கள் பட்ட நாட்கள் அதே மனிதரின் நினைவில் வெறும் வருமானக் கணக்காக மங்கிவிடுவதும் மீன்பிடி ஊர்களில் எங்கும் காணக்கூடியவை. இந்த நிறைவு ஏன் இவ்வளவு காலம் நிலைக்கிறது என்ற கேள்விக்கு வெற்றிப் பெருமிதம் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடுவது வழக்கம். பெருமிதம் சொல்லச் சொல்லத் தேய்ந்துபோவது. ஆகவே நீண்டு நிற்கும் இந்த நிறைவுக்கு வேறொரு காரணம் இருக்க வேண்டும்.

அதைத் தேடுவதற்குக் கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தில், முழங்காவிலுக்கும் பூநகரிக்கும் இடையே ஏ-32 வீதியை அண்டியிருக்கும் ஜெயபுரம் மிகவும் ஏற்ற இடம். இக்கிராமத்துக்குக் கிழக்கே வன்னேரிக்குளம், அக்கராயன்குளம் முதலான பாசனக் குளங்களும், மேற்கே கிராஞ்சி, வேரவில், வலைப்பாடு ஆகிய கரையோர ஊர்களும், அவற்றுக்கு அப்பால் இரணைதீவும் இருக்கின்றன. அதாவது, நன்னீரில் வராலும் கடலில் பாரையும் கொடுவாவும் சீலாவும் ஒரே பகுதி மக்களின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. இலங்கையின் உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டுகளில் இடம்பெயர்ந்து, அது முடிந்தபின் மீளக் குடியமர்ந்த இப்பகுதியில், வள்ளமும் வலையும் இழந்த ஒருவர் மிகக் குறைந்த செலவில் மீண்டும் தொடங்கக்கூடிய தொழிற்கருவி ஒரு முள்ளும் சில பாகம் தங்கூசியும் மட்டுமே என்பதையும் இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். தங்கூசி என்பது ஒற்றை இழையாக வார்க்கப்பட்ட நைலோன் நூல். அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனம் 1938இல் நைலோனை உலகுக்கு அறிவித்த பின்னர் உலகின் தூண்டில்காரர் எல்லோருடைய கையையும் எட்டிய பொருள்.

பத்துக் கிலோ மீனை மூன்று கிலோ தாங்கும் நூல் எப்படிப் பிடித்து நிறுத்தும் என்ற ஐயம் இயல்பாக எழும். மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை அதன் அடர்த்தியை நீரின் அடர்த்திக்கு நெருக்கமாக வைத்திருப்பதால், நீருக்குள் இருக்கும்வரை மீனுக்கு ஏறத்தாழ எடையே இல்லை. நூல் தாங்க வேண்டியது மீன் வாலடித்து உந்தும் விசையை மட்டுமே. அந்த விசை சீராக வரும்வரை மெல்லிய நூல் ஈடுகொடுக்கும். அறுவதெல்லாம் வேறு சந்தர்ப்பங்களில்: மீன் திடீரெனத் திரும்பி வெட்டியிழுக்கும்போது, கல்லிலோ முருகையிலோ பல்லிலோ நூல் உரசும்போது, முடிச்சு சரியாக இறுகாதபோது, எல்லாவற்றையும் விடக் கூடுதலாக, கரைக்கு வந்த மீனை அவசரப்பட்டு நூலாலேயே நீரைவிட்டுத் தூக்கும்போது. எடையற்று மிதந்த உடல் அந்தக் கணத்தில் தன் முழு எடையையும் நூலின்மேல் போட்டுவிடுகிறது. அனுபவமுள்ளவர் முழங்காலளவு நீரில் இறங்கி, மீனின் வயிற்றின் கீழே கைகொடுத்தோ கைவலையால் ஏந்தியோ எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

நைலோனுக்கு இழுபட்டு நீளும் இயல்பு உண்டு. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரையுங்கூட நீண்டு, அறாமல் நின்று, மீண்டும் சுருங்கும் வகைகள் உண்டு. அதனால் நூல் வெளியே நீண்டு கிடக்கும்போது மீனின் வெட்டிழுப்பை அது தானே உள்வாங்கிக்கொள்ளும், கரையருகே சிலவடி நூல் மட்டும் எஞ்சியிருக்கும்போது அந்தக் காப்பு இல்லாமற் போய்விடும். ரீல் எனப்படும் நூற்சுற்றி உள்ள தடியில், குறித்த இழுவிசைக்கு மேல் நூலைத் தானாக விட்டுக்கொடுக்கும் டிராக் என்ற தடுப்பு அமைப்பு இருக்கும். அதை நூலின் அறுபடுவலுவில் நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை இறுக்கி வைப்பது பொதுவிதி. ஆனால் நூல் ஓட ஓடச் சுற்றியில் எஞ்சும் நூலின் விட்டம் குறைவதால், தடுப்பைத் தொடாமலே இழுவிசை கூடிவிடும். விட்டம் பாதியானால் இழுவிசை இரட்டிப்பாகும். மீன் தூரப் போனபின் பயந்து தடுப்பை மேலும் இறுக்குபவர் நூலை இழப்பது இதனாலேயே. தூரம் கூடக் கூடத் தளர்த்த வேண்டும் என்பது மனத்தின் இயல்பான ஓட்டத்துக்கு நேர் எதிரான செயல், அதைப் பயில்வதற்குக் காலம் பிடிக்கும்.

கைத்தூண்டிலில், அதாவது தடியின்றிப் போத்தலிலோ மரக்கட்டையிலோ சுற்றிய நூலை நேரே கையில் பிடித்துப் போடும் தூண்டிலில், இந்த வேலைகள் அனைத்தையும் விரல்களே செய்கின்றன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஓடும் நூலின் சூடு, மீன் ஓடும் வேகத்தைச் சொல்லும். நூலில் வரும் துடிப்பு, மீன் தலையை ஆட்டுகிறதா, வாலால் நூலை அடிக்கிறதா, அடியில் எதையோ சுற்றிக்கொண்டதா என்பதைச் சொல்லும். தடித்த நூலில் இந்தச் செய்திகள் பாதி வழியிலேயே மழுங்கிவிடும். மெல்லிய நூல் வலுவில் குறைந்தது, ஆனால் செய்தி கடத்துவதில் அதற்கு நிகரில்லை; மருத்துவர் நாடி பார்ப்பதைப்போல விரல்நுனியால் மீனைப் படிக்கும் இந்தத் திறன், மென்கருவி தவிர வேறெதனாலும் கைவருவதில்லை.

குளமும் கடலும் இத்திறனை வெவ்வேறு வகையில் சோதிக்கின்றன. வரால் தன் தலைக்குள் அமைந்த துணைச் சுவாச உறுப்பால் காற்றைச் சுவாசிக்கும் மீன். நீரில் கரைந்த ஒட்சிசன் மட்டும் அதற்குப் போதாது. இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். குளம் வற்றிச் சேறாகும் காலத்தில் மற்ற மீன்கள் மாண்டாலும் வரால் பிழைத்துக் கிடப்பதும், மாரியில் குளம் நிரம்பி வான் பாயும்போது ஈரநிலத்தில் ஊர்ந்தேனும் புதுநீரைத் தேடிப் போவதும் இதனாலேயே. வான் என்பது குளத்தின் மிகைநீர் வழிந்தோடுவதற்கு விடப்பட்ட வாய். வரால் ஏறத்தாழ ஒரு மீற்றர் வரை வளரக்கூடியதாயினும், அதில் பாதியைத் தாண்டினாலே குளத்தில் அது பெருமீன்தான். மூச்செடுக்க மேலே வரும் அந்தச் சிறு சலனத்தை, அல்லி இலைகளுக்கிடையே எழும் குமிழைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு, சிறு தவளையையோ மீன்குஞ்சையோ இரையாக்கி, இலைகளின் ஓரமாக மெல்ல ஆடவிடுபவர்தான் வராலைப் பிடிக்கிறார். இரையைக் கவ்விய வரால் நெடுந்தூரம் ஓடுவதில்லை. கொடிகளின் வேருக்குள் ஒரேயடியாகப் புகப் பார்க்கும். முதல் சில விநாடிகளில் அதன் தலையைத் திருப்பாவிட்டால் நூல் கொடியில் சுற்றி அறுந்துவிடும், திருப்பும் வேகத்தில் அளவு தப்பினாலும் அறுந்துவிடும். மெல்லிய நூலோடு வராலைத் தேடிப் போகிறவர், ஆகவே, இரையைப் போடுவதற்கு முன்பே போராட்டத்தின் பெரும்பகுதியை முடித்தாக வேண்டும். எந்த இடத்தில் கொடி குறைவு, எப்பக்கம் நின்றால் மீனை வெளிநீருக்கு இழுக்கலாம், குளக்கட்டுப் பக்கமா அலைகரைப் பக்கமா என்ற தெரிவுகளே மீன் கரைசேருமா என்பதைத் தீர்மானிக்கின்றன. குளக்கட்டு நீரைத் தடுக்கும் அணை. அலைகரை அதற்கு எதிரே நீர் நிலத்தோடு கலக்கும் ஆழமற்ற விளிம்பு.

மேற்கே கடற்பக்கத்தில் நிலைமை தலைகீழ். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுள்ளது; ஆழ்கடலில் போலக் கீழ்நோக்கிப் பாய்வதற்கு இடமில்லாத பாரை, கிடைமட்டமாக நெடுந்தூரம் ஓடும். பாரையினங்களில் மிகப் பெரியது எவ்வளவு வளரும் என்பதற்கு, 2006இல் யப்பானின் தொக்காரா தீவுகளில் தூண்டிலில் பிடிபட்டு உலகப் பதிவான 72.8 கிலோகிராம் மீன் சான்று. வலைப்பாட்டுக் கரையில் அதில் பத்திலொரு பங்கு மீன் மெல்லிய நூலில் பட்டாலே கையிலுள்ள நூல் போதுமா என்பதுதான் முதற்கேள்வியாகும். இங்கே வள்ளமே துணைக்கருவி ஆகிறது. நங்கூரத்தை எடுத்துவிட்டால் சிறு வள்ளத்தை மீன் தன்னோடு இழுத்துச் செல்லும். அந்த இழுவையே நூலைக் காத்து மீனைக் களைக்க வைக்கும். சீலாவின் பல் தங்கூசியை ஒரே கடியில் வெட்டிவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே சிறு கம்பித்துண்டு வைக்க வேண்டும். கொடுவாவின் செவுள்மூடி விளிம்பு கத்திபோல் கூரியது, அது நீரைவிட்டுத் துள்ளித் தலையை உதறும்போது நூல் இறுகியிருந்தால் விளிம்பில் பட்டு அறும், முற்றாகத் தளர்ந்திருந்தால் முள் கழன்றுவிடும்.

ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ இங்கே பலருக்கு நினைவு வரும். 1952இல் வெளியான அக்கதையின் கிழவர் கையில் இருந்தது மென்கருவி அன்று. பென்சிலளவு தடித்த கயிறுகள் அவை. எளியதாக இருந்தது அவருடைய படகுதான், மீன் இழுக்க நகர்ந்து அதைக் களைக்க வைத்ததும் அந்தப் படகுதான். கதையை மென்கருவிக்கு உதாரணமாகக் காட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை.

தமிழில் தூண்டிலைப் பற்றிய மிகப் பழைய நுண்ணிய சித்திரங்களுள் ஒன்று, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. பச்சை இறைச்சியிரையைத் தோற்பையில் இட்டுச் செல்லும் பாணன், நெடிய மூங்கிற்றடியின் நுனியில் கட்டிய நாண், வளைந்த இரும்புமுள், அம்முள்ளைத் தனிக்கவிட்டு இரையை மட்டும் பறித்துத் தப்பிய வாளை என்று அமையும் அக்காட்சியில், தப்பிய மீன் பின்னர் நீரருகே அசையும் பிரம்பின் நிழலைக் கண்டும் தூண்டிலோ என்று வெருள்கிறது. மீன் கற்றுக்கொள்ளும் உயிர் என்பதையும், தூண்டில்காரர் தோற்பதும் உண்டு என்பதையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவர் கண்டு எழுதியிருப்பது வியப்புக்குரியது. அக்காட்சியில் வென்றது மீன் என்பது இன்னும் சுவையானது.

மென்கருவியை வேண்டுமென்றே தேர்ந்து, அதற்கு விதி எழுதும் வழக்கம் மிகப் பிந்தியது. கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சான்டா கட்டலினாத் தீவின் அவலோன் என்ற ஊரில், 1898 யூன் மாதம் சாள்ஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் 183 இறாத்தல் எடையுள்ள சூரை மீனைத் தடியும் ரீலும் கொண்டு பிடித்தார். தடித்த கைக்கயிறுகளால் மீன்களைக் குவியலாக இழுத்து வீணாக்கும் வழக்கத்தைக் கண்டு வருந்திய அவர், அதே ஆண்டில் அங்கே சூரைக் கழகத்தை நிறுவினார். அடுத்த பத்தாண்டுக்குள் அவ்வூரில் பொற்றர் என்பவர் இன்னும் கடுமையான முறையொன்றை முன்வைத்தார். ஆறடி நீளமும் ஆறு அவுன்ஸ் எடையும் கொண்ட தடி, ஆறிழை முறுக்கிய லினன் நூல் என மூன்று ஆறுகள் சேர்வதால் அது ‘மூன்று-ஆறு’ எனப் பெயர்பெற்றது. 1939 யூன் 7ஆம் திகதி நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், நூலின் அறுபடுவலுவைக் கொண்டே பதிவுகளை வகுக்கத் தொடங்கியது. இன்று 1 கிலோ முதல் 60 கிலோ வரை வகுப்புகள் உள்ளன. பதிவுக்கு விண்ணப்பிப்பவர் மீன் பிடித்த நூலின் மாதிரியையே அனுப்ப வேண்டும், அது சோதனைக்கூடத்தில் இழுத்து அறுக்கப்பட்டு அளக்கப்படும். நூலின் வலுவைப்போல ஐந்து, பத்து, பதினைந்து, இருபது மடங்கு எடையுள்ள மீனைப் பிடித்தோருக்குத் தனித்தனி அங்கீகாரமும் அச்சங்கத்தில் உண்டு.

எளிதில் செய்யக்கூடியதை ஒருவர் ஏன் அரிதாக்கிக்கொள்கிறார் என்பதற்கு, கனடாவில் கற்பித்த மெய்யியலாளர் பேர்னாட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில் தெளிவான விளக்கம் தந்தார். தேவையற்ற தடைகளைத் தாமாக விரும்பி ஏற்று, அவற்றை வென்று கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அவருடைய வரையறை. அவலோனுக்கு இவ்வரையறை அழகாகப் பொருந்துகிறது. ஜெயபுரத்துக்கு அது பொருந்தவில்லை. வன்னேரிக்குளத்தின் அலைகரையில் மெல்லிய தங்கூசியோடு நிற்பவர் தடையை விரும்பி ஏற்றவர் அல்லர். அவரிடம் இருப்பது அந்த நூல்தான், மீன் வீட்டுச் சட்டிக்குப் போக வேண்டியது, நூலும் முள்ளும் போனால் மறுநாள் வாங்கப் பணம் தேட வேண்டும். அப்படியிருந்தும், பெரிய வராலொன்றைக் கரைசேர்த்த அவருடைய நிறைவு அவலோன் கழகத்தவருடையதைவிட எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆகவே அந்நிறைவின் வேர், தடையைத் தாமே தேர்ந்துகொண்ட செயலில் இருக்க முடியாது.

இரண்டு இடத்துக்கும் பொதுவானது ஒன்று உண்டு. மெல்லிய நூல் கையிலிருக்கும்போது பலத்தால் எதையும் முடிக்க முடியாது; பலம் விலகிய இடத்தை அறிவு நிரப்பியாக வேண்டும். அந்த மீன் எங்கே படுத்திருக்கும், எதைத் தின்னும், எப்பக்கம் ஓடும், எப்போது களைக்கும், நீர் எங்கே ஆழம், அடியில் என்ன கிடக்கிறது என்பன தெரிந்திருந்தாலன்றி அது கரைக்கு வராது. வந்துவிட்டால், அவையனைத்தையும் அவர் சரியாக அறிந்திருந்தார் என்பதற்கு அம்மீனே சான்றாகிறது. தடித்த கயிற்றில் வந்த மீன் அப்படி எதற்கும் சான்றாவதில்லை. மெல்லிய நூலில் தவறிப்போன மீனும் நெடுநாள் நினைவில் நிற்பதற்கு இதுவே காரணம்: முடிச்சா, அவசரமா, நின்ற இடமா என்று தவறுக்குப் பெயர் சொல்ல முடிகிறது, அடுத்த முறை அதைத் திருத்தவும் முடிகிறது. மீன் அன்றிரவே உண்டு முடிந்துவிடும். அதைப் பிடித்ததன்மூலம் உறுதிப்பட்ட அறிவு அந்தக் குளத்தருகே போகும் ஒவ்வொரு தடவையும் மறுபடி பயன்படும். பயன்படப் பயன்பட அந்த நாளும் புதுப்பிக்கப்படுகிறது.

தூண்டில்காரரின் கவனம் அறிவாகத் திரளும் என்பதற்குக் காவிரியில் நல்லதொரு சான்று உள்ளது. மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சலிவன் தோமஸ் 1873இல் எழுதிய நூலின் வழியாக உலகப் புகழ்பெற்ற மாசீர் என்னும் பெருங்கெண்டையினத்தில், 1946இல் காவிரியின் கிளையாறான கபினியில் பிடிபட்ட 120 இறாத்தல் மீனே இந்தியத் தூண்டிற்காரர் இன்றும் பேசும் அளவுகோல். கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் மீனைப் பிடித்து எடைபார்த்து மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. அங்கே 1998 முதல் 2012 வரை எழுதிவைக்கப்பட்ட பிடிப்புக் குறிப்புகளை ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, காவிரிக்கே உரிய திமில் மாசீர் ஆண்டுக்காண்டு அருகி வந்ததும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருகியதும் தெரியவந்தன. வேறெந்த அமைப்பும் அவ்வளவு நீண்ட கணக்கை வைத்திருக்கவில்லை. அத்திமில் மாசீர் 2018இல்தான் தெளிவான அறிவியற்பெயரோடு இனங்காணப்பட்டு, அதே ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. கிளிநொச்சி மாவட்டத்துக் குளங்களில் தூண்டில் போடுவோரிடம் இத்தகைய குறிப்பேடு ஒன்று தொடங்கப்படுமானால், வராலும் திலாப்பியாவும் புதிதாக விடப்படும் கட்லா, ரோகு முதலான கெண்டைகளும் எவ்விகிதத்தில் கூடிக் குறைகின்றன என்பதை அறிய அதைவிட மலிவான வழி இராது. இலங்கைக்கு 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளத்து மீன்பிடியின் முகத்தையே மாற்றியிருக்கும்போது, இக்கணக்கின் தேவை சிறிதன்று.

மீனின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்தாக வேண்டும். மீன் வேகமாக ஓடப் பயன்படுத்தும் வெண்தசை, ஒட்சிசனின்றிச் சேமிப்பை எரித்து இயங்குவது. போராட்டம் நீள நீள அதில் இலற்றிக் அமிலம் சேர்ந்து, உடல் மீளமுடியாத களைப்பை எட்டிவிடக்கூடும். மெல்லிய நூல் என்றால் நீண்ட போராட்டம். பிடித்த மீன் உணவுக்கே என்றால் அதைக் கரைசேர்த்தவுடன் தலையில் அடித்து விரைவாகக் கொன்றுவிடுவது கடமை. விட்டுவிட நினைப்பவர் தடித்த நூலைத் தேர்ந்து, விரைவில் கரைசேர்த்து, நீரைவிட்டு அதிகம் எடுக்காமல் விட வேண்டும். பிடித்து விடுவதாகச் சொல்லிக்கொண்டு நூலை மெலித்துக்கொண்டே போவது மீனுக்குச் செய்யும் கொடுமை; அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கொடுவாவில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அம்மீன் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆகவே கழிமுகத்தில் படும் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் பெண்ணாகவே இருக்கும்.

இலங்கையில் தங்கூசி வலை சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. கண்ணுக்குத் தெரியாத அந்த வலை கைவிடப்பட்ட பின்னும் நீரில் கிடந்து எதையும் கொன்றுகொண்டே இருக்கும். அதே பொருள் ஒற்றை நூலாக ஒருவர் கையில் இருக்கும்போது, ஒருமுறைக்கு ஒரு மீனை மட்டும், அதுவும் பார்த்துத் தெரிந்து பிடிக்கும் கருவியாகிவிடுகிறது. ஆனால் அந்தத் தெரிவைத் தூண்டில்காரரே செய்ய வேண்டும், நூல் செய்யாது. நீர் பெருகும் காலத்தில் அலைகரையில் செந்நிறக் குஞ்சுக்கூட்டமொன்று பந்துபோலத் திரண்டு மேலே வந்து வந்து அமிழும். அதன் கீழே தாயும் தந்தையுமான வரால்கள் காவல் நிற்கும், கூட்டத்தை நெருங்கும் எதையும் பசியின்றியும் பாய்ந்து கவ்வும். அவ்வேளையில் வராலைப் பிடிப்பதைவிட எளிது வேறில்லை. காவலை இழந்த குஞ்சுகளைச் சில மணி நேரத்துக்குள் மற்ற மீன்களும் பறவைகளும் தின்று முடித்துவிடும். அந்தச் சில வாரங்களுக்குச் செந்நிறக் கூட்டம் தெரியும் இடத்தைவிட்டு அப்பால் போய் இரை போடும் வழக்கம் எந்தக் குளத்தில் உண்டோ, பெரிய வரால் அந்தக் குளத்தில்தான் தொடர்ந்து கிடைக்கும்.